பதினாறு கோடு போட்ட கதவு

தகவல் ஒழுங்கு வாரியத்தைப் பொறுத்தவரை வீடு என்றால் கதவு. சுவர் விரிசல் விடலாம், கூரை ஒழுகலாம், உள்ளே ஆள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கதவும் அதன்மேல் ஓர் எண்ணும் இருந்தால் அது வீடு. இந்த முடிவுக்கு வர ஒரு குழு போடப்பட்டது. குழு குளிரான ஊர் ஒன்றில் தங்கி யோசித்துவிட்டு வந்து, "கதவு" என்று அறிக்கை கொடுத்தது.

தெருவை முழுக்க இடித்துச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும், பின்னால் மைதானத்தில் எழும்பியிருக்கும் அடுக்குமாடியில் அதே எண்ணில் ஒரு வீடு. எட்டு போனால் எட்டு, ஒன்பது போனால் ஒன்பது. கதவு எண்களைக் கணினிக் கோப்பில் ஏற்றுவார்கள், கோப்பை இயந்திரம் வாசிக்கும், வாசிக்கப்பட்ட எண்ணுக்குச் சாவி. அந்தத் தெருவில் குடியிருந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு இதைக் கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது.

அவர் வீடு முன்பு வெறும் ஏழு. மனைவியின் தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது கூடத்துக்கு நடுவே சுவர் எழுப்பி, ஜன்னலை உடைத்து இன்னொரு வாசல் வைத்து, பாதியை அவனுக்குக் கொடுத்தார். பாதி என்பது பேச்சுக்கு. குளியலறை இருந்த பக்கம் மச்சினனுக்குப் போனது. அவன் அந்த வீட்டிலேயே வளர்ந்தவன். அங்கே உட்கார்ந்து படித்துத்தான் வாரியத்தின் வாசிப்புப் பிரிவில் வேலை வாங்கினான்.

சுவர் காய்ந்ததும் இரண்டு கதவுகளுக்கும் எண் எழுதியவன் அவன்தான். இடது கைக்காரன். ஏழு, ஒரு சாய்ந்த கோடு, ஒன்று. ஏழு, ஒரு சாய்ந்த கோடு, இரண்டு. மெக்கானிக் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவர் கவனிக்கவில்லை. ஏணி சாயாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

ஒரு திங்கட்கிழமை காலையில் கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு வாரியம் ஒரே ஒரு கட்டளை கொடுத்திருந்தது: பார்த்தது பார்த்தபடி. அவள் முதலில் மச்சினன் கதவைப் பார்த்தாள். பெயின்ட் வாடைக்கு ஒரு தும்மல் போட்டுவிட்டு எழுதிக்கொண்டாள். அடுத்து மெக்கானிக் கதவுக்கு முன்னால் வந்து கழுத்தைச் சாய்த்தாள்.

"சார், மத்தவங்க கோடெல்லாம் தலை வலது பக்கம் சாயுது. உங்களுது இடது பக்கம் சாயுதே."

"எந்தப் பக்கம் சாஞ்சா என்னம்மா. ஏழு பை ரெண்டு. அவ்வளவுதான்."

"பைனு நீங்க சொல்றீங்க. கதவு சொல்லலையே." அவள் இடது பக்கமே சாய்த்து எழுதிக்கொண்டு போனாள்.

கோப்பு வாசிக்கப்பட்டது. ஒன்றிலிருந்து ஆறு வரை தங்குதடையில்லாமல் போனது. மச்சினன் வரியும் போனது. அடுத்த வரியில் இயந்திரம் நின்றது. நின்றது நின்றதுதான். ஏழுக்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் வசிக்கவில்லை என்று வாரியம் அறிவித்தது. எட்டாம் எண் டெய்லர் அக்கா, வசிக்காத தன் வீட்டிலிருந்து கத்தரிக்கோலுடன் வெளியே வந்தாள்.

"என்ன அண்ணே, உங்க வீட்டோட ஊரு முடிஞ்சுபோச்சாமே. அப்ப நாங்கல்லாம் யாரு, பேயா?"

சாயங்காலம் மச்சினன் வந்து, தன் அக்கா கொடுத்த டீயை ஊதிக் குடித்தபடி விளக்கினான்.

"மாமா, இடது பக்கம் சாஞ்ச கோடு கம்ப்யூட்டருக்குக் கோடே இல்ல. அது ஒரு எச்சரிக்கை. 'எனக்கு அடுத்து வர்றதை அப்படியே நம்பாதே'ன்னு அர்த்தம். உங்க கதவுல கோட்டுக்கு அடுத்து ரெண்டு இருக்கு. ரெண்டை நம்பலைன்னா வேற என்னவா எடுத்துக்கிறதுன்னு அதுக்குத் தெரியாது. பயந்து நின்னுடும்."

"உன் கதவுலயும் நீதானே எழுதின?"

"என்னுது சரியா விழுந்துடுச்சு மாமா. அதிர்ஷ்டம்." டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சூடு அதிகம் போல என்று மெக்கானிக் நினைத்தார்.

மறுநாள் வாசிப்பு அதிகாரியைப் பார்க்கப் போனார். அதிகாரி அறையில் வாசிக்கும்படியாக ஒன்றும் இல்லை. சுவரில் ஒரு பலகை மட்டும், "பார்த்தது பார்த்தபடி."

"சார், கோப்புல அந்த ஒரு கோட்டை மாத்திட்டா எல்லாருக்கும் வேலை முடிஞ்சுடும்."

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். "கோப்புல கை வச்சா அது திருத்தல். திருத்தல் குற்றம். கதவுல கை வச்சா அது பராமரிப்பு. பராமரிப்பை வாரியம் எப்பவும் ஊக்குவிக்குது."

"அப்ப கதவுலயே வலது பக்கம் சாச்சு எழுதிடறேன்."

"கணக்கெடுத்தப்புறம் கோட்டை அழிச்சா அது வேற வீடு. அறிவிப்புக்கு அப்புறம் வந்த வேற வீட்டுக்குச் சாவி கிடையாது. கணக்கெடுக்கிறதுக்கு முன்னாடி பண்ணியிருந்தீங்கன்னா யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. இப்ப அழிக்கக் கூடாது. சேர்க்கலாம்."

"எதைச் சேர்க்கிறது?"

"அதே மாதிரி இன்னொரு கோடு. முதல் கோடு எச்சரிக்கை. ரெண்டாவது, எதைப் பத்தி எச்சரிக்கையோ அந்தக் கோடு. ரெண்டும் சேர்ந்து வந்தா இயந்திரம் 'ஓகோ, நிஜமாவே ஒரு கோடுதான்'னு புரிஞ்சுக்கும்." அதிகாரி பேனாவை மூடினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. நாங்க மக்களுக்காகத்தான் இருக்கோம். மக்கள் ஒழுங்கா இருந்தா நாங்களும் ஒழுங்கா இருப்போம்."

மெக்கானிக் ஏறி நின்று இன்னொரு கோடு போட்டார். இந்த முறை ஏணியைப் பிடித்துக்கொண்டது மனைவி. கணக்கெடுக்கும் பெண் வந்தாள், கழுத்தைச் சாய்த்தாள், பார்த்தது பார்த்தபடி இரண்டு கோடு எழுதிக்கொண்டு போனாள். வட்ட அலுவலகத்து இயந்திரம் இரண்டையும் பார்த்து, ஒரு கோடு என்று சரியாகப் புரிந்துகொண்டு, அந்த ஒரு கோட்டை மண்டல அலுவலகத்துக்கு அனுப்பியது. மண்டல அலுவலகத்து இயந்திரம் ஒரு கோட்டைப் பார்த்துப் பயந்து நின்றது.

"நாலு போடணும் மாமா," என்றான் மச்சினன். "வட்டம் பாதியைச் சாப்பிடும். மண்டலம் மீதியில பாதி. அப்பத்தான் கடைசில ஒண்ணு மிஞ்சும்."

"மண்டலத்துக்கு அப்புறம் வேற எங்கயாவது போகுமா?"

"நான் பார்த்துக்கறேன் மாமா. நான் உள்ளதானே இருக்கேன்."

நாலு போட்டார். மண்டலத்துக்கு அப்புறம் தலைமை அலுவலகம் இருந்தது. எட்டு போட்டார். கதவின் அகலம் அத்தனை கோட்டுக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டதல்ல. ஏழு என்ற எண்ணைத் தாழ்ப்பாளுக்கு அருகேயும் இரண்டைக் கீல் பக்கத்திலும் தள்ளி எழுத வேண்டிவந்தது. தெருவில் அவரைக் கோட்டுக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குக் கூப்பிடுவது குறைந்தது.

டெய்லர் அக்கா ஒரு நாள் தையல் சாக்குக்கட்டியுடன் வந்து நின்றாள். "அண்ணே, நானே போட்டுவிடறேன். கோடு போடறது என் தொழில். உங்களை நம்பி உட்கார்ந்தா எட்டாம் நம்பர் இந்த ஜென்மத்துல வராது."

"ஆபீஸ்ல என்ன சொல்றாங்களோ அதைத்தானே அக்கா போடறேன்."

"ஆபீஸ்ல இருக்கிறது உங்க மச்சினன்தானே. அவன் வீட்டு வரி மட்டும் வெண்ணெய்ல கத்தி இறங்கின மாதிரி போச்சே. அது எப்படி?"

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். "என் தம்பியை இதுல இழுக்காதீங்க. பாவம், நமக்காக ராப்பகலா அங்க பேசிட்டிருக்கான்."

மச்சினன் பேசிக்கொண்டுதான் இருந்தான். கோடுகள் வழியில் காணாமல் போவதைப் பற்றி அவன் எழுப்பிய கேள்வியை வாரியம் தீவிரமாக எடுத்துக்கொண்டது. எங்கே, யாரால், எத்தனை கோடுகள் இழக்கப்படுகின்றன என்று கண்டறிய கண்காணிப்புப் பிரிவு என்று புதிதாக ஒன்று திறக்கப்பட்டது. ரிப்பன் வெட்டினார்கள். கோப்பு இனி அந்தப் பிரிவு வழியாகவும் போக வேண்டும். கண்காணிப்பதற்காகக் கோப்பைத் திறந்த அவர்களுடைய இயந்திரம், கோடுகளில் பாதியைச் சாப்பிட்டது.

"பதினாறு," என்றான் மச்சினன்.

மெக்கானிக் பதினாறும் போட்டு முடித்துக் கீழே இறங்கிப் பார்த்தார். கதவு கம்பி போட்ட ஜன்னல் மாதிரி இருந்தது. உள்ளே யாரோ அடைபட்டிருப்பதுபோல. ஏழு ஓர் ஓரத்திலும் இரண்டு மறு ஓரத்திலும் ஒன்றை ஒன்று அறியாதவை மாதிரி நின்றன.

"இதோட சரி மாமா," என்றான் மச்சினன். "நான் சொல்றேன்ல."

சாவி கொடுக்கும் நாள் வந்தது. வீடு என்றால் கதவு என்பதால், குடியிருப்போர் தங்கள் கதவைக் கழற்றிக்கொண்டு மைதானத்துக்கு வர வேண்டும். கதவைக் காட்டிச் சாவி வாங்க வேண்டும். பிறகு அடுத்த கவுன்ட்டரில் வரிசையில் நின்று கதவை ஒப்படைத்தால்தான் புது வீட்டுக்கு மின் இணைப்பு.

முந்தின நாள் மச்சினன் வந்தான். "மாமா, எனக்கு நாளைக்கு மேஜையில டியூட்டி. என் கதவையும் உங்க தள்ளுவண்டியில ஏத்திட்டு வந்துடுங்க."

இரண்டு கதவையும் மெக்கானிக்தான் கழற்றினார். பழைய ஃப்ரிட்ஜ்களை ஏற்றும் தள்ளுவண்டியில் அடுக்கினார். மைதானத்தில் தெருவே கதவைத் தூக்கிக்கொண்டு நின்றது. வெயிலுக்குச் சிலர் தங்கள் கதவையே சாய்த்து வைத்து அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் ஒருவர் அடுத்தவர் கதவைத் தட்டிவிட்டுத்தான் பேசினார்.

மேடையில் வாரியத்தின் இயக்குநர் பேசினார்.

"அன்பார்ந்த கதவு உரிமையாளர்களே. ஒரு கோடு இந்தத் திட்டத்தையே நிறுத்தி வைத்தது. வாரியம் சும்மா இருக்கவில்லை. இரண்டு கோடு கேட்டோம், நான்கு கேட்டோம், எட்டு கேட்டோம், பதினாறு கேட்டோம். இவ்வளவு கேட்டும் தீரவில்லை என்றபோதுதான் எங்களுக்கு ஒன்று புரிந்தது. பிரச்சினை எங்களிடம் இல்லை. தகவலில் இருக்கிறது. ஆகவே தகவலை எடுத்துவிட்டோம்." கைதட்டலுக்காக நிறுத்தினார். "இன்று காலை முதல், இடது பக்கம் சாய்ந்த எந்தக் கோடாக இருந்தாலும், எத்தனை இருந்தாலும், வாசிப்பதற்கு முன்பே இயந்திரம் துடைத்து எறிந்துவிடும். இயந்திரம் இனி எதற்கும் நிற்காது. யாருக்காகவும் நிற்காது. இந்த யோசனையைத் தந்த இளைஞர் இதே தெருக்காரர். இந்தப் பிரச்சினையின் வலியைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்."

மச்சினன் மேடையேறிச் சால்வை வாங்கினான். மைதானத்திலேயே பலமாகக் கைதட்டியது மெக்கானிக்கின் மனைவி. "பார்த்தீங்களா, நம்மளுக்காகத்தான் பண்ணியிருக்கான்," என்று டெய்லர் அக்கா பக்கம் திரும்பிச் சொன்னாள்.

வரிசை நகர்ந்தது. மெக்கானிக் இரண்டு கதவையும் வண்டியிலிருந்து இறக்கி நிமிர்த்தினார். வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. மச்சினன் கதவில் வலது பக்கம் சாய்ந்த கோட்டுக்குப் பின்னால், பெயின்டுக்கு அடியில், ஏதோ மேடு தட்டியது. அவர் விரலை வைத்துத் தடவினார். செம்புக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசலை விரல் நுனியால் தேடிப் பிடிக்கிறவர் அவர். மேடு, மேலே இடது பக்கம் ஆரம்பித்து கீழே வலது பக்கம் இறங்கியது. அதன்மேல் கதவு நிறத்தில் ஒரு பூச்சு. பூச்சுக்கு மேல் புதுக் கோடு.

கணக்கெடுக்க வந்த பெண் பெயின்ட் வாடைக்குப் போட்ட தும்மல் அவருக்கு நினைவு வந்தது.

"என்னங்க, ஏன் நிக்கறீங்க? முன்னாடி நகருங்க."

அவர் நகரவில்லை. மனைவியின் கையைப் பிடித்து அவள் விரலை அந்த மேட்டின்மேல் வைத்தார். அவள் ஒரு தடவை தடவினாள். இன்னொரு தடவை தடவினாள். தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிச் சுரண்டினாள். பூச்சு செதிலாக உதிர்ந்தது. தம்பியின் இடது கைக் கோடு, அன்றைக்கு எழுதின மாதிரியே பளிச்சென்று இருந்தது.

அவள் ஹேர்பின்னை முந்தானையில் துடைத்துத் திரும்பச் செருகிக்கொண்டாள்.

இயந்திரம் அந்த மாதிரிக் கோட்டைப் பார்த்தவுடனே அடுத்து வருவதை நம்பாமல் நின்றுவிட்டது. பக்கத்திலேயே குடியிருந்த மெக்கானிக்குக்குத்தான் அவனை நம்பாமலிருக்க இத்தனை மாதம் ஆனது.

மேஜையில் சால்வையோடு மச்சினன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் கதவுகளைச் சரிபார்க்க ஒரு அலுவலர். இயந்திரம் மெக்கானிக்கின் வரியை நிற்காமல் வாசித்தது. ஏழு, இரண்டு. நடுவே ஒன்றும் இல்லை.

"எழுபத்திரண்டு," என்று அலுவலர் ஒரு சாவியை நீட்டினார்.

"என்னுது ஏழு பை ரெண்டு சார்."

"கோடெல்லாம் எடுத்தாச்சே. ஏழும் ரெண்டும் சேர்ந்தா எழுபத்திரண்டு."

"எழுபத்திரண்டு தெருக்கோடியில குப்பை கொட்டற கொட்டகை சார்."

அலுவலர் வரைபடத்தைப் பார்த்தார். "ஆமா. இங்கயும் அதுக்கு ஈடாத்தான் குடுத்திருக்கோம். அடுக்குமாடிக்குக் கீழ, மேலேருந்து குப்பை வந்து விழற அறை. குடியிருப்பு இல்லாததால கதவு ஒப்படைக்க வேண்டாம். உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்."

மெக்கானிக் மச்சினனைப் பார்த்தார். அவன் முத்திரைக் கட்டையில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இந்தக் கதவையும் பாருங்க சார்," என்று மெக்கானிக் மற்றதை முன்னால் தள்ளினார். "இதுலயும் இடது பக்கக் கோடு இருக்கு. பார்த்தது பார்த்தபடி எழுதுங்க."

"யார் கதவு?"

"இவனோடது."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "ஸ்டாஃப் கதவா? ஸ்டாஃப் கதவைப் பார்க்கறதில்லைங்க. அவங்க சொல்றதை எழுதிக்குவோம். சர்க்குலர் இருக்கு. அவர் சாவியைக் காலையிலயே வாங்கிட்டார்."

மெக்கானிக் மேஜைமேல் குனிந்தார். குரலை உயர்த்தவில்லை.

"பார்க்கவே மாட்டாங்கன்னா நீ ஏன்டா ராத்திரியோட ராத்திரியா மாத்தி எழுதின?"

"சர்க்குலர் அப்புறம்தான் வந்துச்சு மாமா. எழுதும்போது எனக்குத் தெரியாது."

"என் கதவும் பக்கத்துலதானே இருந்துச்சு. கையில பிரஷ் இருந்துச்சு. ஒரே கோடு."

"உறுதிமொழி எடுத்திருக்கோம் மாமா. உள்ள நடக்கறதை முன்கூட்டியே பொதுமக்கள்கிட்ட சொல்லக் கூடாது."

"நான் பொதுமக்களாடா?"

மச்சினன் சால்வை நுனியை மடித்தான், விரித்தான். "ஆபீஸ் நேரத்துல... ஆமா மாமா."

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

பின்னால் டெய்லர் அக்கா கதவைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவள் எண் எட்டு, கோடே இல்லாத எட்டு. "அண்ணே, முடிஞ்சுதுன்னா கொஞ்சம் நகருங்க," என்றாள். பரிதாபப்பட்டுத்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

அலுவலர் ஆறுதலாக ஒரு வழி காட்டினார். "மேல்முறையீடு பண்ணலாம் சார். அடுத்த கணக்கெடுப்புல. அதுவரைக்கும் கதவுல இருக்கிற கோடு எதையும் அழிச்சுடாதீங்க. அதுதான் உங்க ஆதாரம்."

கதவு ஒப்படைக்கும் கவுன்ட்டர் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. மெக்கானிக் மச்சினன் கதவை அங்கே கொண்டுபோய் வரிசையின் கடைசியில் நிற்க வைத்தார். சரிந்து விழாமல் அடியில் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்தார். ஏணி பிடித்த கை, பழக்கம் போகவில்லை. பிறகு தன் கதவை வண்டியில் ஏற்றித் தள்ளினார். மனைவி பின்னால் வந்தாள்.

எழுபத்திரண்டுக்குச் சாவி கொடுத்திருந்தார்களே தவிர கதவு இல்லை. அறைக்கு நடுவே, கூரையிலிருந்து ஒரு தடித்த குழாய் இறங்கி வாய் திறந்து நின்றது. மேலே குடியேறிவிட்டவர்களின் குப்பை அதற்குள் வழுக்கி வரும் சத்தம் கேட்டது. அட்டைப் பெட்டி, நூல்கண்டு, உடைந்த பீங்கான். மெக்கானிக் வாசலுக்குத் தன் கதவைப் பொருத்த ஆரம்பித்தார். வாசலின் அகலம் ஒத்துவரவில்லை. கீல் பக்கம் இழைத்தார். இரண்டு என்ற எண்ணின் வால் கொஞ்சம் போனது. பதினாறு கோடும் பத்திரமாக இருந்தன. மனைவி மூலையில் ஒரு பாயை விரித்தாள், குழாய்க்கு நேராக இல்லாத மூலை.

பொழுது சாயும் நேரத்தில் மச்சினன் படியிறங்கி வந்தான். சால்வை தோளில் இல்லை. கதவுக்கு வெளியே நின்றான்.

"மாமா, என் கதவு எங்க? ஒப்படைச்சாத்தான் கரன்ட் குடுப்பாங்களாம். நீங்க குடுத்த ஃப்ரிட்ஜ்ல இருக்கிறதெல்லாம் கெட்டுப்போகுது."

மெக்கானிக் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

மச்சினன் கோடுகளுக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "அக்கா, நீயாவது சொல்லு," என்றான்.

மனைவி எழுந்து வந்து கதவைக் கால்வாசி திறந்தாள்.

"வரிசையில நிக்குது," என்றாள். "போய் அதுக்குப் பின்னாடி நில்லு."

கதவைச் சாத்தினாள்.